மருந்து விலை இனி ஏறுமா, இறங்குமா? ஒரு மாதாந்தர மருந்துச் சீட்டை வைத்து ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றும் உண்டு. மாதாமாதம் மாத்திரைக்கே மூவாயிரம் ரூபாய்க்கு மேல் போகிறது. ஏப்ரல் வந்தால் "மருந்து விலை உயர்வு" என்கிறார்கள், செப்டம்பரில் "ஜி.எஸ்.டி. குறைந்தது" என்கிறார்கள், ஆனால் கடையில் பில் பெரிதாக மாறவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் இந்த விலை எந்தப் பக்கம் போகும், நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நேரடியான பதில். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், பிரஷருக்கான அம்லோடிபின் போன்ற பழைய மாத்திரைகள் மெதுவாக ஏறும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். புதிய தலைமுறைச் சர்க்கரை மருந்துகள் வேகமாக இறங்கிக்கொண்டிருக்கின்றன, இன்னும் இறங்கும். புற்றுநோய்க்கும் அரிய நோய்களுக்கும் வரும் புதிய மருந்துகள் எட்டாத உயரத்திலேயே அறிமுகமாகும், ஒவ்வொன்றும் எப்போது இறங்கும் என்பதைக் காப்புரிமை (ஒரு மருந்தைக் குறிப்பிட்ட காலம் ஒரு நிறுவனம் மட்டுமே விற்கும் உரிமை) வழக்குகள்தான் தீர்மானிக்கும். இந்தியாவில் மருந்து விலை உண்மையாகவே சரிவது பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான்: காப்புரிமை முடியும்போது, அல்லது அரசு மொத்தமாக டெண்டர் போட்டு வாங்கும்போது. மற்ற ஏற்பாடுகள் பெரும்பாலும் விலை இன்னும் மேலே போகாமல் பிடித்து வைப்பவை. ஏன் அப்படி என்று விளக்கினால்தான் உங்கள் அப்பாவின் சீட்டில் எந்த மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் பேசுவது என்பது தெரியும்.

ஏப்ரல் விஷயத்தை முடித்துவிடலாம். 2013ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விலை வைக்கிறது. ஒவ்வோர் ஏப்ரல் முதல் தேதியும் முந்தைய ஆண்டின் மொத்த விற்பனை விலைக் குறியீடு எவ்வளவு மாறியதோ அவ்வளவுக்கு அந்த உச்சவரம்பும் மாறும். 2022இல் 10.77 சதவீதம், 2023இல் 12.12 சதவீதம் ஏறியது. இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய 24 சதவீதம், அது பெரிய உயர்வுதான். 2024இல் 0.00551 சதவீதம், அதாவது ஒன்றுமே இல்லை. 2025இல் 1.74 சதவீதம். 2016இல் குறியீடு இறங்கியதால் உச்சவரம்பும் 2.71 சதவீதம் இறங்கியது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆகவே ஏப்ரல் செய்தியைப் பார்த்தால் சதவீதத்தைப் பாருங்கள். ஐந்து ரூபாய் மாத்திரையில் 1.74 சதவீதம் என்பது ஒன்பது காசு.

பில் ஏறுவதற்குப் பெரிய காரணம் பட்டியலுக்கு வெளியே இருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன. எண்ணிக்கை நிறைவாகத் தெரிந்தாலும், விற்பனை மதிப்பில் பார்த்தால் விலைக் கட்டுப்பாட்டுக்குள் வருவது சந்தையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, அதற்கும் சற்றுக் குறைவு. மீதி எல்லாவற்றுக்கும் ஒரே விதி: எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் எம்.ஆர்.பி.யைப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. நிறுவனங்கள் இந்தப் பத்து சதவீதத்தை உரிமையாக எடுத்துக்கொள்கின்றன. இதற்கு ஏப்ரல் தேவையில்லை, எந்த மாதத்திலும் வரலாம், செய்தியிலும் வராது. உங்கள் அப்பா சாப்பிடும் மாத்திரை மெட்ஃபார்மினும் வேறொன்றும் சேர்ந்த கூட்டு மாத்திரையாக இருந்தால் அது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டெல்மிசார்டான், அம்லோடிபின், அடோர்வாஸ்டாடின் எல்லாம் பட்டியலில் உள்ளவை. இரண்டு மூன்றை ஒன்றாகச் சேர்த்து, பெயருக்குப் பின்னால் இரண்டு ஆங்கில எழுத்தைப் போட்டு விற்கும்போது நிறுவனத்துக்கு அதிக இடம் கிடைக்கிறது. கூட்டு மாத்திரையால் நன்மையே இல்லை என்று சொல்லவில்லை. நாலு மாத்திரைக்குப் பதில் ஒன்று என்றால் வயதானவர்கள் மறக்காமல் சாப்பிடுவார்கள். ஆனால் அந்த வசதிக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

உச்சவரம்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதில்தான் என் முக்கியமான வருத்தம் இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் ஆணையில், தயாரிக்க என்ன செலவாகிறது என்று பார்த்து, அதற்கு மேல் நிறுவனத்தின் மற்றச் செலவுக்கும் லாபத்துக்கும் குறிப்பிட்ட அளவு சேர்த்து விலை வைத்தார்கள். அப்போது 74 மூலமருந்துகள்தான் (மாத்திரைக்குள் வேலை செய்யும் பொருட்கள்) கட்டுப்பாட்டில் இருந்தன என்பது அதன் குறை. 2013இல் மருந்துகளின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள், ஆனால் கணக்கை மாற்றிவிட்டார்கள். சந்தையில் ஒரு சதவீதத்துக்குக் குறையாத பங்கு உள்ள எல்லாப் பிராண்டுகளின் விலையையும் கூட்டி, சராசரி எடுத்து, அதன்மேல் கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்த்தால் அதுதான் உச்சவரம்பு. ஐந்து பிராண்டுகள் கடைக்காரருக்கு 10, 12, 30, 40, 58 ரூபாய்க்குக் கிடைக்கின்றன என்று வையுங்கள். சராசரி 30, உச்சவரம்பு 34 ரூபாய் 80 காசு. 58 ரூபாய்க்காரர் இறங்கி வர வேண்டும், சரி. ஆனால் பத்து ரூபாய்க்கும் அந்த மாத்திரையை லாபத்தோடு விற்க முடிகிறது என்பது இந்தக் கணக்கில் எங்குமே பேசப்படுவதில்லை. ஏற்கெனவே அதிகமாக விற்றவர்களின் விலைதான் வரம்பைத் தூக்கிப் பிடிக்கிறது. தயாரிப்புச் செலவுக்கும் உச்சவரம்புக்கும் தொடர்பே இல்லாமல் போய்விட்டது.

"பத்து ரூபாய்க்கு ஒன்று இருந்தால் மக்கள் அதைத்தானே வாங்குவார்கள்?" என்று கேட்கலாம். சோப்பு, துணி, டி.வி. என்றால் அப்படித்தான். மருந்தில் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் இன்னொருவர். டாக்டர் பிராண்ட் பெயரை எழுதுகிறார். அதே மருந்தை வேறு பிராண்டில் மாற்றிக் கொடுக்க மருந்துக்கடைக்காரருக்குச் சட்டத்தில் இடமில்லை. மருந்து விதிகள் அதை வெளிப்படையாகத் தடுக்கின்றன. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் டாக்டர்கள் மருந்தின் மூலப்பெயரைத்தான் எழுத வேண்டும் என்று விதி கொண்டுவந்து, டாக்டர்கள் சங்கங்களின் எதிர்ப்பால் அதே மாதத்திலேயே நிறுத்தி வைத்தது. டாக்டர்கள் சொன்ன காரணம் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல: எந்த ஆலையில் தயாரான மாத்திரை நோயாளி கைக்குப் போகிறது என்பது எங்களுக்குத் தெரியாமல் போய்விடும் என்றார்கள். தரத்தைப் பற்றிய அந்த அச்சத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதன் விளைவு விநோதமானது. பல இடங்களில் விலை அதிகமாக அச்சிட்ட பொருள்தான் நன்றாக ஓடும். எம்.ஆர்.பி. என்பது அட்டையில் அச்சிடக் கூடிய அதிகபட்ச விலை மட்டுமே. நிறுவனம் ஸ்டாக்கிஸ்டுக்கு, அதாவது மொத்த விற்பனையாளருக்குக் கொடுக்கும் விலைக்கும் அதற்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறதோ அவ்வளவும் கைமாறும் வழியில் பங்கு போடப்படுகிறது. பட்டியல் மருந்தில் ஸ்டாக்கிஸ்டுக்கு எட்டு, கடைக்குப் பதினாறு சதவீதம். மற்றவற்றில் பத்து, இருபது என்பது வழக்கம். டாக்டர் பெயரால் ஓடாமல் கடையை நம்பி ஓடும் மலிவு ஜெனரிக் மாத்திரைகளிலும், ஆஸ்பத்திரிக்குள் விற்கும் ஊசி மருந்துகளிலும் இந்தத் தூரம் பல மடங்காகிறது. 2019இல் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு இந்த இடைப்பட்ட பங்கை 30 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியபோதுதான் அது எவ்வளவு என்று நாட்டுக்கே தெரிந்தது. பெமெட்ரெக்செட் 500 மில்லிகிராம் ஊசியின் ஒரு பிராண்ட் 22,000 ரூபாயிலிருந்து 2,800 ரூபாய்க்கு இறங்கியது. தயாரித்தவர் விலையை யாரும் தொடவில்லை. அவருக்குக் கிடைத்துவந்த பணம் அப்படியே கிடைத்தது. நடுவில் போன 19,200 ரூபாய்தான் காணாமல் போனது. நுரையீரல் புற்றுநோய்க்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை அந்த ஊசியைப் போட்டுக்கொண்ட குடும்பங்கள் நகையையும் நிலத்தையும் விற்றுக் கொடுத்தது அந்தப் பணத்தைத்தான். இதை எழுதும்போதும் மனம் பொறுக்கவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 2018 பிப்ரவரியில், டெல்லிப் பகுதியின் நான்கு பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்களை விலை ஆணையம் ஆராய்ந்தபோது சில பொருட்களில் லாபம் 1,737 சதவீதம் வரை இருந்தது. உள்நோயாளிகள் ஆஸ்பத்திரிக் கடையிலேயே வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதற்கு எதிரான பொதுநல வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தடை விதிக்கவில்லை, கொள்கை முடிவை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. தமிழ்நாடு அரசு இதில் ஒரு சட்டம் கொண்டுவர முடியும், கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து.

விலையைக் கட்டுப்படுத்துவதே தீர்வு என்று நினைப்பவர்கள் இதன் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். விலை மிகவும் குறைந்துபோனால் மருந்தே காணாமல் போகிறது. 2024 அக்டோபரில் எட்டு மருந்துகளின் உச்சவரம்பை 50 சதவீதம் உயர்த்தினார்கள், செய்தியைப் பார்த்துப் பலர் பதறினார்கள். என்னென்ன மருந்துகள் என்று பாருங்கள்: அட்ரோபின் ஊசி, காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின், பென்சில் பெனிசிலின், ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் மாத்திரை, கண்ணழுத்தத்துக்கான பைலோகார்பின், மனநோய்க்கான லித்தியம், தலசீமியாக் குழந்தைகளுக்கான டெஸ்ஃபெரியாக்சமின், செஃபட்ராக்சில். எல்லாம் பழைய, மலிவான மருந்துகள். மூலப்பொருள் விலை ஏறி, தயாரித்தால் நஷ்டம் என்ற நிலை வந்ததும் நிறுவனங்கள் தயாரிப்பை விட்டுவிட விண்ணப்பித்தன. பூச்சிமருந்து குடித்தவரைக் காப்பாற்ற அட்ரோபின் இல்லை என்ற நிலை வருவதைவிட அந்த ஊசிக்குச் சில ரூபாய் கூடுவது மேல். இந்த உயர்வு நியாயமானது என்றே நினைக்கிறேன். 2019இலும் 2021இலும் இதே போல் உயர்த்தியிருக்கிறார்கள், இனியும் நடக்கும்.

மூலப்பொருள் என்றதும் சீனாவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. நாம் இறக்குமதி செய்யும் மூலமருந்துகளில் மதிப்பில் சுமார் 70 சதவீதம் அங்கிருந்துதான் வருகிறது. பல ஆன்டிபயாடிக்குகளுக்கு மூலப்பொருளான பெனிசிலின்-ஜி ஒரு காலத்தில் நம் நாட்டிலேயே தயாரானது. சீன விலையோடு போட்டி போட முடியாமல் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2020இல் மத்திய அரசு 6,940 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் அறிவித்தது, காக்கிநாடாவில் அரபிந்தோ குழுமம் மறுபடியும் பெனிசிலின்-ஜி ஆலை தொடங்கியது. ஆலை ஓடத் தொடங்கினால் சீன விலை இன்னும் இறங்கி அதை நசுக்கப் பார்க்கும், இதுதான் சிக்கல். உள்நாட்டு ஆலையைக் காப்பாற்ற இறக்குமதிக்குக் குறைந்தபட்ச விலை வைத்தால் ஆன்டிபயாடிக் மாத்திரை விலை கொஞ்சம் ஏறும். அந்த உயர்வை ஏற்றுக்கொள்ள நாம் தயாராக இருக்க வேண்டும், ஏனென்றால் முழுவதும் ஒரே நாட்டை நம்பியிருப்பதன் விலை அதைவிடப் பெரியது.

இனி காப்புரிமைக்கு வருவோம். உங்கள் பில் உண்மையாக இறங்கப் போவது இதனால்தான்.

1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கு உரிமை தரவில்லை, தயாரிக்கும் முறைக்கு மட்டும் தந்தது. வேறு முறையில் தயாரித்தால் யாரும் விற்கலாம். இந்திய மருந்துத் தொழில் வளர்ந்ததே அந்த இடைவெளியில்தான். உலக வணிக அமைப்பின் ஒப்பந்தப்படி 2005 ஜனவரி முதல் பொருளுக்கே 20 ஆண்டு உரிமை தர வேண்டியதாயிற்று. அப்போது நாடாளுமன்றம் மூன்றாம் பிரிவின் ‘டி' உட்பிரிவைக் கடுமையாக்கி வைத்தது: பழைய மருந்தைச் சிறிது மாற்றிக்கொண்டு வந்தால், நோய் தீர்க்கும் திறன் கூடியிருந்தால் தவிரப் புதிய உரிமை கிடையாது. இதற்கு முதல் பெரிய சோதனை நடந்தது சென்னையில்தான். ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட உரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. சட்டப் பிரிவையே எதிர்த்துப் போட்ட வழக்கை 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் முதல் தேதி உச்ச நீதிமன்றம் முடிவாக மறுத்தது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் மருந்து, இந்திய நிறுவனங்களின் தயாரிப்பில் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கிடைத்தது. தினமும் அந்த மாத்திரையைச் சாப்பிட்டுப் பல ஆண்டுகள் வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துபவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சட்டத்தில் ஒரு சின்ன உட்பிரிவு அத்தனை உயிருக்குப் பொறுப்பாக நின்றது.

கட்டாய உரிமம் என்ற இன்னோர் ஆயுதமும் சட்டத்தில் உண்டு: காப்புரிமை வைத்திருப்பவர் சம்மதிக்காவிட்டாலும் வேறு நிறுவனம் தயாரிக்க அரசு தரும் அனுமதி. இதுவரை ஒரே ஒரு முறைதான் அது கொடுக்கப்பட்டிருக்கிறது. 2012 மார்ச்சில், பேயர் நிறுவனம் மாதம் 2.8 லட்சம் ரூபாய்க்கு விற்ற சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்தை 8,880 ரூபாய்க்கு விற்க நாட்கோ என்ற இந்திய நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகு அரசுக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. நீதிமன்றங்கள்தான் வழி விட்டிருக்கின்றன. முதுகெலும்புத் தசைச் சிதைவு நோய்க்கான ரிஸ்டிப்ளாம் மருந்து ஒரு புட்டி சுமார் 6.2 லட்சம். அதன் நகலை விற்கவிடாமல் நாட்கோவைத் தடுக்க 2025இல் டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்ததும் அதே மருந்து 15,900 ரூபாய்க்கு வந்தது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் எத்தனையோ பெற்றோர் சமூக வலைத்தளங்களில் கை நீட்டி நின்றார்கள்.

சர்க்கரை மருந்துகளில் இதே கதை அமைதியாக நடக்கிறது. வில்டாகிளிப்டினுக்கு 2019 கடைசியில், டாபாகிளிஃப்ளோசினுக்கு 2020இல், சிட்டாகிளிப்டினுக்கு 2022இல் உரிமை முடிந்தது. 2025 மார்ச்சில் எம்பாகிளிஃப்ளோசின். அதுவரை மாத்திரை ஒன்று சுமார் 60 ரூபாய். உரிமை முடிந்த அந்த வாரமே பல நிறுவனங்கள் இறங்கின, சில பிராண்டுகள் பத்து ரூபாய்க்கும் கீழே. ஒரு நாளுக்கு 50 ரூபாய் மிச்சம் என்றால் மாதத்துக்கு 1,500 ரூபாய். இதய, சிறுநீரகப் பாதுகாப்புக்காக டாக்டர்கள் இந்த வகை மருந்தை இப்போது அதிகம் எழுதுகிறார்கள். ஆனால் 2025க்கு முன்பு எழுதிய பழைய பிராண்டையே இன்னும் வாங்கிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் ஏராளம். விலை இறங்கியது சீட்டில் தானாகத் தெரியாது. உங்கள் மூவாயிரத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கும் என்று சந்தேகிக்கிறேன்.

அடுத்தது செமாகுளுடைடு, உடல் எடைக்கும் சர்க்கரைக்கும் பேசப்படும் ஊசி. இந்தியாவில் அதன் உரிமை 2026 மார்ச்சோடு முடிந்தது. முடிவதற்கு முன்பே விலை ஆடத் தொடங்கியதுதான் கவனிக்க வேண்டியது. 2025 ஜூனில் செமாகுளுடைடின் எடைக்குறைப்பு பிராண்டான வெகோவி அறிமுகமானது, ஐந்தே மாதத்தில் நவம்பரில் அதைத் தயாரிக்கும் நோவோ நோர்டிஸ்க் அதன் விலையை 37 சதவீதம் வரை குறைத்தது. போட்டி மருந்தான மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலேயே வந்துவிட்டது, அதற்கு உரிமை இன்னும் பல ஆண்டு இருக்கிறது. மாத்திரை போல ஊசி மருந்து ஒரே வாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடாது. பேனா வடிவக் கருவி, குளிர்பதனம், தயாரிப்பு நுணுக்கம் எல்லாம் விலையைப் பிடித்து வைக்கும். ஆனால் திசை ஒன்றுதான், கீழே. அதோடு போலிகளும் வரும். இணையத்திலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் விற்பதை வாங்காதீர்கள், டாக்டர் சீட்டு இல்லாமல் போட்டுக்கொள்ளவே வேண்டாம்.

உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கும் உயிரியல் மருந்துகளில் ஒரு வகையான புற்றுநோய் எதிர்ப்புப் புரத ஊசிகளில் இறக்கம் இன்னும் மெதுவாக இருக்கும். மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாபுக்கு 2014இலேயே இந்திய நகல் வந்தது, விலை குறைந்தது, இருந்தும் சாமானியருக்கு அது இன்று வரை எளிதல்ல. பல வகைப் புற்றுநோய்களுக்குத் தரும் பெம்ப்ரோலிசுமாபுக்கு 2028இல் உரிமை முடிகிறது. அது வரும்போது நிறைய மாறும்.

வணிக ஒப்பந்தங்களில்தான் எனக்குப் பயம். பிரிட்டனோடு 2025 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தம், மருந்து கிடைக்க நிறுவனங்கள் தாமாக உரிமம் தருவதே விரும்பத்தக்க வழி என்கிறது. 2024இல் மாற்றிய காப்புரிமை விதிகள், உரிமை கொடுப்பதற்கு முன்பே எதிர்ப்புத் தெரிவிக்கும் வழியை நோயாளி அமைப்புகளுக்குக் கடினமாக்கிவிட்டன. கிளிவெக்கை எதிர்த்தவர்களில் ஒரு நோயாளிகள் சங்கமும் இருந்தது. அந்தக் கதவு சாத்தப்பட்டால் விளைவு இன்று தெரியாது, பத்து ஆண்டு கழித்துப் புதிய மருந்துகளின் விலையில் தெரியும். அமெரிக்காவின் இறக்குமதி வரிப் பேச்சு இப்போதைக்குக் காப்புரிமை உள்ள மருந்துகளைப் பற்றியது, நம் உள்ளூர் பில்லை அது நேரடியாகத் தொடாது.

சரி, அரசுக் கொள்முதல். இதில் தமிழ்நாடு செய்ததை நாம் போதிய அளவு பெருமையோடு சொல்வதில்லை. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர், பிராண்ட் பெயர் கிடையாது, மூலப்பெயர்தான். மாவட்டக் கிடங்குகள், ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் எவ்வளவு எடுத்தது என்று காட்டும் பாஸ்புக், வந்த சரக்கில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பித் தேறிய பின்தான் விநியோகம். பிராண்டைத் தேர்ந்தெடுக்கும் டாக்டர் இல்லை, கம்பெனி அனுப்பும் விற்பனைப் பிரதிநிதி (ரெப்) இல்லை, நடுவில் கமிஷன் இல்லை. அதனால் அதே மாத்திரையின் கொள்முதல் விலை கடை எம்.ஆர்.பி.யைவிடப் பல மடங்கு குறைகிறது. கேரளம், ராஜஸ்தான் எல்லாம் பின்னால் இதைப் பார்த்துச் செய்தன. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருவதற்கு அடிப்படை இந்தக் கொள்முதல்தான். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் 15,000ஐத் தாண்டிவிட்டன, 2027 மார்ச்சுக்குள் 25,000 என்பது இலக்கு. 2025 பிப்ரவரி 24 அன்று மாநில அரசு ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது.

மலிவு மருந்தின் தரத்தைப் பற்றிய கேள்வி நியாயமானது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைக் கொன்ற இருமல் மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலையில் தயாரானது. அதில் டை-எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை சொன்னது. அந்த மருந்து ஜெனரிக் கடைச் சரக்கல்ல, டாக்டர் சீட்டில் பிராண்ட் பெயரோடு எழுதப்பட்டது. பிராண்ட் பெயர் எந்தக் குழந்தையையும் காப்பாற்றவில்லை. மூலப்பொருளைச் சோதிக்காத ஆலையும், அந்த ஆலையைச் சோதிக்காத அரசும்தான் காரணம். சிறிய ஆலைகளும் புதிய தயாரிப்புத் தர விதிகளுக்குள் வருவதற்கான அவகாசம் 2025 டிசம்பரோடு முடிந்தது. சில ஆலைகள் மூடப்படும், சில மருந்துகளின் விலை சற்று ஏறும். அந்த உயர்வையும் நான் வரவேற்கிறேன்.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வரி: 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு 12இலிருந்து 5 சதவீதம் ஆனது. 112 ரூபாய் அட்டை 105 ஆகியிருக்க வேண்டும், அதாவது ஆறேகால் சதவீதக் குறைவு. பழைய எம்.ஆர்.பி. அச்சிட்ட சரக்குக்கும் புதிய விலைதான். முன்பே கடையில் பத்து, பதினைந்து சதவீதத் தள்ளுபடி பெற்றவர்கள், தள்ளுபடி குறைக்கப்பட்டிருக்கிறதா என்று பழைய பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி நீங்கள் செய்யக் கூடியது. அப்பாவின் எல்லா அட்டைகளையும் எடுத்து, பிராண்ட் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரையும் மில்லிகிராமையும் எழுதிக்கொள்ளுங்கள். விலை ஆணையத்தின் ‘ஃபார்மா சஹி தாம்' செயலியில் அவற்றின் விலைகளைப் பார்க்கலாம். ஒரே மருந்தின் மற்றப் பிராண்டுகளும் அதில் தெரியும். அதிக விலையுள்ள இரண்டு மாத்திரைகளை மட்டும் குறித்துக்கொண்டு அடுத்த முறை போகும்போது டாக்டரிடம், "சார், இதே மருந்து குறைந்த விலையில் நீங்கள் நம்பும் கம்பெனியில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் கோபப்பட மாட்டார்கள். பலருக்குத் தாங்கள் எழுதும் மாத்திரையின் இன்றைய விலை தெரிந்திருப்பதில்லை. பெயர் கிளிஃப்ளோசின் என்றோ கிளிப்டின் என்றோ முடிந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். கூட்டு மாத்திரையாக இருந்தால் பிரித்து எழுதினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பழைய மாத்திரைகளுக்கு முதல்வர் மருந்தகமோ மக்கள் மருந்தகமோ போதும். கூச்சமில்லாவிட்டால் அரசு ஆஸ்பத்திரியின் தொற்றா நோய்ப் பிரிவில் பதிந்துகொண்டால் அவை இலவசமாகவே கிடைக்கும்.

சில மருந்துகளில் மட்டும் விலைக்காக நீங்களாகப் பிராண்டை மாற்றக் கூடாது. வலிப்பு மருந்து, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், தைராய்டு மாத்திரை, சிறுநீரக மாற்று அறுவை செய்தவர்கள் சாப்பிடும் மருந்துகள் ஆகியவற்றில் ரத்தத்தில் சேரும் அளவு சிறிது மாறினாலும் பாதிப்பு வரும். மாற்ற வேண்டுமென்றால் டாக்டர் சொல்லி, மாற்றிய பின் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டுதான் மாற்ற வேண்டும். அப்பாவுக்கு இவற்றில் எதுவும் இல்லையென்றால், நான் சொன்னபடி இரண்டு மாத்திரைகளை மாற்றினாலே மாதச் செலவு கணிசமாகக் குறைய வாய்ப்பு உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு புதிய சீட்டின் மூலப்பெயர்களை இங்கே போடுங்கள், எது பட்டியலில் இருக்கிறது, எதற்குக் காப்புரிமை முடிந்தது என்று பார்த்துச் சொல்கிறேன்.